கோவையில் இருந்தபடியே அமெரி பனித்தட்டை அளப்பது எப்படி

பவானிசாகரில் தண்ணீர் இறங்கினால் எத்தனை அடி இறங்கியது என்று மறுநாள் பேப்பரில் வந்துவிடும். அண்டார்டிகாவின் பனித்தட்டு ஓரத்தில் அப்படி அளவுகோல் நட்டுவைத்துப் படிக்க ஆள் இல்லை. செயற்கைக்கோள்தான் அளவுகோல். அது தரும் தரவில் பெரும்பகுதி இலவசம்; கோவையிலோ ஈரோட்டிலோ 16 ஜிபி நினைவகமுள்ள கணினியும் ஓரளவு நல்ல இணைய இணைப்பும் இருந்தால் போதும். படத்தை எடுப்பது எளிது. அதில் தெரிகிற மாற்றம் பனியில் நடந்ததா, நம் கணக்கில் நடந்ததா என்று பிரிப்பதுதான் வேலை. அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு படியிலும் மாறாத ஒன்றை முதலில் அளந்து பார்ப்பது. கீழே வரும் எல்லா முறைகளும் இதைச் சுற்றியே அமைந்தவை.

நிலத்தின் மேல் கிடக்கும் பனி தன் எடையாலேயே மெல்ல வழிந்து கடலுக்குள் இறங்கி, நிலத்தோடு ஒட்டியபடி மிதக்கும் பகுதிக்குப் பனித்தட்டு என்று பெயர். கடல்நீரே உறைந்து உண்டாகும் கடல்பனி வேறு. அது பெரும்பாலும் ஓரிரு மீட்டர்தான். பனித்தட்டோ நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமன். ஏற்கெனவே மிதப்பதால் அது உடைந்தாலும் கடல்மட்டம் உடனே உயராது. ஆனால் பின்னால் வரும் பனியாறுகளுக்கு அது முட்டுக்கொடுத்து நிற்கிறது. 2002 பிப்ரவரி, மார்ச்சில் லார்சன் பி பனித்தட்டு ஏறத்தாழ 3,250 சதுர கி.மீ. அளவுக்கு நொறுங்கியது. முட்டு போனதும் பின்னாலிருந்த பனியாறுகள் 2 முதல் 8 மடங்கு வரை வேகம் பிடித்தன. அதனால்தான் ஓரம், வேகம், தடிமன் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதில் தொடங்குவது

முதல்முறை செய்பவர்களுக்கு அமெரி பனித்தட்டு தோதானது. அது கிழக்கு அண்டார்டிகாவில் பிரிட்ஸ் விரிகுடாவில் இருக்கிறது. அதே விரிகுடாக் கரையில் லார்ஸ்மன் குன்றுகளில் இந்தியாவின் பாரதி நிலையம் 2012 முதல் இயங்குகிறது. அந்தக் குன்றுகள் பனி மூடாத வெறும் பாறை. பாறை நகராது, அதுவே நமக்கு எல்லைக்கல். இன்னொரு வசதியும் உண்டு: 2019 செப்டம்பர் கடைசியில் அமெரியிலிருந்து டி-28 என்ற பனிப்பாறை பெயர்ந்தது. வெளியிடப்பட்ட பரப்பு 1,636 சதுர கி.மீ. முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கொண்டு அந்த எண்ணை நீங்களே கண்டுபிடிக்க முடிந்தால் உங்கள் முறை சரி.

ராடார் படத்துக்கு ஐரோப்பாவின் சென்டினல்-1 கோளை எடுங்கள். மேகம், இருட்டு இரண்டும் அதற்குத் தடையில்லை. 69 பாகைத் தெற்கில் வைகாசி நடுவிலிருந்து ஆனிக் கடைசி வரை ஏறத்தாழ சூரியனே எழாது. சூரிய வெளிச்சத்தில் படமெடுக்கும் லேண்ட்சாட்டும் சென்டினல்-2வும் அந்த மாதங்களில் பயன்படாது. சென்டினல்-1ஏ 2014இல் ஏவப்பட்டது. 1பி 2021 டிசம்பரில் செயலிழந்தது. 1சி 2024 டிசம்பரில் ஏவப்பட்டது. ஒரே கோள் மட்டும் இருந்த காலத்தில் 12 நாளுக்கு ஒருமுறையும், இரண்டு இருந்த காலத்தில் 6 நாளுக்கு ஒருமுறையும் அதே தடத்தில் படம் கிடைக்கலாம். நீள்வரிசை போடும்போது இந்த இடைவெளியைக் குறித்து வையுங்கள். 2022 தொடக்கத்தில் படங்கள் திடீரென்று குறைவது பனியில் நடந்த சங்கதி அல்ல.

ராடாரில் இரண்டு வகைப் படங்கள் கிடைக்கும். இடபிள்யூ என்ற அகலப் படம் 400 கி.மீ. வீச்சு, 40 மீட்டர் கட்டம் (பிக்சல்). ஓரத்தைப் பார்க்க இது போதும். ஐடபிள்யூ 250 கி.மீ. வீச்சு, 10 மீட்டர் கட்டம். வேகம் அளக்க இது வேண்டும். ஐடபிள்யூ படம் ஒன்று ஏறத்தாழ 1 ஜிபி. ஓராண்டுக்கு 30 படம் என்றால் 30 ஜிபி. இரவில் இறக்க விடுங்கள். பாதியில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடு மென்பொருளைப் பயன்படுத்துங்கள். கோபர்நிக்கஸ் டேட்டா ஸ்பேஸ், அலாஸ்கா சாட்டிலைட் ஃபெசிலிட்டி இரண்டிலும் கிடைக்கும். இலவசப் பதிவு மட்டும் தேவை. படங்களைச் சீராக்க ஸ்னாப், வரைய கியூஜிஐஎஸ். இரண்டும் இலவசம்.

பவானிசாகரில் ஒத்திகை

நேராக அண்டார்டிகாவுக்குப் போகாதீர்கள். அதே சென்டினல்-1இல் பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் இரண்டு படங்களை எடுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு தேதியிலும் அணையின் நீர்மட்டம் ஒரே அடியில் இருந்திருக்க வேண்டும். தண்ணீரின் ஓரத்தை இரண்டிலும் வரைந்து பரப்பைக் கணக்கிடுங்கள். மட்டம் ஒன்றென்றால் பரப்பும் ஒன்றாக வர வேண்டும். வருகிற வித்தியாசம் உங்கள் கையின் பிழை. அதை எழுதி வையுங்கள்.

இந்த ஒத்திகையை ஆடி மாதப் படத்திலும் செய்யுங்கள். அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி ராடார் கதிரை வேறு பக்கம் தள்ளிவிடும், படத்தில் கறுப்பாக விழும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காத்து அடிக்கும்போது நீர்ப்பரப்பு சிலுசிலுத்து வெளுத்துத் தெரியும். கரை எது, தண்ணீர் எது என்று பிரியாது. அலையைச் செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே வாங்கும் விவி படத்தில் இது அதிகம், கிடையாக வாங்கும் விஎச்சில் குறைவு. பனித்தட்டின் முன்னாலும் இதேதான் நடக்கிறது. நிலத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் காற்று திறந்த கடலைக் கலக்கினால் கடல் பனியைப் போலவே வெளுக்கும். துருவத்தில் பெரும்பாலும் அலையைக் கிடையாக அனுப்பி எடுத்த எச்எச், எச்வி படங்களே வரும். காற்றடித்த நாளில் எச்வியைப் பாருங்கள்.

ஓரத்தை வரைதல்

ஸ்னாப்பில் வரிசை இது: துல்லியச் சுற்றுப்பாதைக் கோப்பைச் சேர்த்தல், வெப்ப இரைச்சல் நீக்கம், அளவீட்டுச் சீரமைப்பு, புள்ளி இரைச்சலுக்கு மெல்லிய வடிகட்டல், கடைசியில் நிலவடிவத் திருத்தம்.

கடைசிப் படியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். உயர வரைபடமாக எஸ்ஆர்டிஎம்மை வைத்தால் படம் வெறுமையாக வரும். அந்தத் தரவு தெற்கே 56 பாகையோடு முடிந்துவிடுகிறது. கோபர்நிக்கஸ் உயர மாதிரியையோ, அண்டார்டிகாவுக்கென்றே உள்ள ரெமா மாதிரியையோ கொடுங்கள். 'உயரம் இல்லாத பகுதியை மறை' என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடல் மொத்தமும் அழிந்துபோய், ஓரம் எங்கே என்று தேட வேண்டிவரும்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. உயர வரைபடம் பழைய நாளில் எடுத்தது. அதில் பனி இருந்த இடத்தில் இன்று கடல். 50 மீட்டர் உயரப் பிழை என்றால், 35 பாகை சாய்வில் பார்க்கும் ராடாரில் புள்ளி 70 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். இதற்கு முழு மருந்து கிடையாது. ஆனால் எல்லாத் தேதிக்கும் ஒரே தட எண், ஒரே திசை (ஏறுமுகமோ இறங்குமுகமோ), ஒரே உயர வரைபடம் என்று வைத்துக்கொண்டால் நகர்வு பெரும்பாலும் ஒரே பக்கமாக விழும், கழிக்கும்போது போய்விடும்.

லார்ஸ்மன் பாறைகளை எல்லாப் படத்திலும் ஒருமுறை வரைந்து பாருங்கள். தேதிக்குத் தேதி பாறை ஒரு கட்டத்துக்கு மேல் நகர்ந்தால் அந்தப் படத்தை ஒதுக்குங்கள்.

இனி ஓரம். கியூஜிஐஎஸ்ஸில் பெரிதாக்கும் அளவை 1:50,000 என்று பூட்டிவிட்டு வரையுங்கள். ஒரு படத்தை நெருக்கியும் இன்னொன்றை விரித்தும் வரைந்தால் கோட்டின் வளைவுகளே வேறாகிவிடும். பனித்தட்டின் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் கடல்பனியும், உடைந்த துண்டுகள் கலந்து உறைந்த கூழும் ஓரத்தைப் போலவே தோன்றும். பனித்தட்டில் ஓட்டத்தின் திசையில் நீண்ட கோடுகள் இருக்கும், அவை ஓரத்தில் பட்டென்று அறுபடும். கடல்பனியில் அந்தக் கோடு இருக்காது. சந்தேகம் வந்தால் மாசி மாதப் படத்தைப் பாருங்கள். அண்டார்டிகாவில் கடல்பனி மிகக் குறைந்திருக்கும் காலம் அது. ஆண்டுக்கு ஒரு ஓரம் போதும் என்றால் எப்போதும் அந்த மாதத்துப் படத்தையே எடுங்கள்.

உள்நிலப் பக்கம் ஒரு நிலையான பெட்டி வரைந்து, ஓரத்துக்கும் பெட்டிக்கும் இடைப்பட்ட பரப்பை அளப்பது நல்ல முறை. நில அளவைக்காரர்களின் எஃப்எம்பி வரைபடத்தில் மூன்று பக்கம் கல் நட்டு, ஆற்றோரத்தை மட்டும் மாற விடுவது போல. பரப்பு வித்தியாசத்தைப் பெட்டியின் அகலத்தால் வகுத்தால் ஓரம் சராசரியாக எவ்வளவு நகர்ந்தது என்று வரும். இருவர் தனித்தனியே வரைந்து ஒப்பிடுங்கள். ஆள் இல்லையென்றால் ஒருவரே ஒரு வாரம் விட்டு மறுபடி வரையலாம்.

பரப்புக்கு ஒரு திருத்தம் கட்டாயம். அண்டார்டிக வரைபடங்கள் இபிஎஸ்ஜி 3031 என்ற துருவ வீழ்ப்பில், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் ஒரு முறையில் வரும். அதில் நீளம் சரியாக இருப்பது 71 பாகையில் மட்டும். அமெரி ஓரம் இருக்கும் 69 பாகையில் நீளம் 0.6 விழுக்காடும் பரப்பு 1.2 விழுக்காடும் கூடித் தெரியும். 80 பாகையிலோ பரப்பு 4 விழுக்காடு குறைந்து தெரியும். டி-28 மாதிரிப் பனிப்பாறையைத் திருத்தாமல் அளந்தால் 20 சதுர கி.மீ. ஆகாயத்திலிருந்து வந்து சேரும். கியூஜிஐஎஸ்ஸில் வீழ்ப்புத்தளப் பரப்பை விட்டுவிட்டு, பூமியின் சற்றே தட்டையான உருண்டை வடிவத்தின் மேல் அளக்கும் நீள்கோளப் பரப்பைக் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு பெரிய துண்டு பெயர்ந்ததைப் பார்த்ததும் 'அமெரி கரைகிறது' என்று எழுதிவிடாதீர்கள். அமெரியின் ஓரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 கி.மீ. முன்னே வந்துகொண்டே இருக்கிறது. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெயர்வது அதன் இயல்பு. இதற்கு முந்தைய பெரிய பெயர்வு 1960களின் தொடக்கத்தில் நடந்தது. ஆய்வாளர்கள் 'ஆடும் பல்' என்று பெயர் வைத்து நெடுநாள் கவனித்த துண்டு வேறு. பெயர்ந்த டி-28 அதன் பக்கத்துத் துண்டு. 2017 ஜூலையில் லார்சன் சியிலிருந்து ஏ-68 போனபோதும், ஈரோடு மாவட்டம் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 5,800 சதுர கி.மீ. போனதே என்று எல்லோரும் பதறினார்கள். ஓரம் மட்டும் தனியாக நோயைச் சொல்லாது. வேகம் கூடியதா, தடிமன் குறைந்ததா என்று பார்க்காமல் தீர்ப்பு வேண்டாம்.

வேகம்

இரண்டு தேதிப் படங்களில் ஒரே வெடிப்பு, ஒரே மேடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணினி சின்னச் சின்ன சதுரங்களாக ஒப்பிட்டுத் தேடும். ஸ்னாப்பில் ஆஃப்செட் டிராக்கிங் என்ற கருவி இதைச் செய்யும். 64 கட்டச் சதுரத்தில் தொடங்குங்கள். அதில் அதிகபட்ச வேகம் நாளுக்கு 5 மீட்டர் என்று முன்பே வைத்திருப்பார்கள். அமெரி நாளுக்கு ஏறத்தாழ 3.6 மீட்டர் என்பதால் அது போதும். மேற்கு அண்டார்டிகாவின் பைன் ஐலண்ட் பனியாற்றில் இதே அமைப்பை வைத்தால் நாளுக்கு 11 மீட்டர் போகும் பனியை எல்லாம் பிழை என்று தள்ளிவிடும். முக்கியமான இடமே ஓட்டையாகிவிடும்.

10 மீட்டர் கட்டத்தில் பத்தில் ஒரு பங்கு பிழை என்றால் 1 மீட்டர். 12 நாளில் 1 மீட்டர் என்பது ஆண்டுக்கு 30 மீட்டர். ஆண்டுக்கு 1,300 மீட்டர் போகும் ஓரத்தில் இது சின்ன விஷயம். 20 மீட்டர் நகரும் உட்பகுதியில் பதில் முழுக்க இரைச்சலே. மெதுவான பனிக்கு ஓராண்டு இடைவெளியுள்ள லேண்ட்சாட் 15 மீட்டர் படங்களை ஜோடி சேருங்கள்.

மிதக்கும் பனியில் கடலேற்றமும், அதாவது கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதும், பொய் வேகம் காட்டும். இரண்டு படத்துக்கும் இடையில் பனித்தட்டு 1 மீட்டர் உயர்ந்து நின்றால் ராடார் அதை 1.4 மீட்டர் பக்கவாட்டு நகர்வாகப் படிக்கும். 12 நாள் ஜோடியில் ஆண்டுக்கு 43 மீட்டர். ஒரே ஜோடியை வைத்து 'வேகம் 3 விழுக்காடு கூடியது' என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே. பத்து ஜோடிகளை எடுத்து நடுமதிப்பைக் கொள்ளுங்கள்.

பாறையின் மேல் வரும் வேகம் பூச்சியமாக இருக்க வேண்டும். அங்கே சராசரியாக எவ்வளவு வருகிறதோ அதை எல்லா இடத்திலிருந்தும் கழியுங்கள். அங்கே உள்ள சிதறல்தான் உங்கள் பிழையளவு.

உயரத்திலிருந்து தடிமன்

இங்கேதான் நிறைய நேரம் போகும், போகவும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் உருகுவதை இந்த வழியில்தான் பிடிக்கிறோம்.

ஐஸ்சாட்-2 கோள் 2018 செப்டம்பரில் ஏவப்பட்டது. பச்சை லேசர், மூன்று ஜோடியாக ஆறு கதிர். ஜோடிக்கு ஜோடி 3.3 கி.மீ. இடைவெளி. அதே தடத்துக்கு 91 நாளில் திரும்பும். ஏடிஎல்06 என்ற தரவை எடுங்கள். தடம் நெடுக 20 மீட்டருக்கு ஒரு உயரம் இருக்கும். தரக்குறி 0 உள்ள புள்ளிகளை மட்டும் வையுங்கள். காற்றில் பறக்கும் பனித்தூளும் மெல்லிய மேகமும் ஒளியைத் தாமதப்படுத்தி உயரத்தைக் குறைத்துக் காட்டும்.

அதில் வரும் உயரம் புவி நீள்கோளத்திலிருந்து எடுத்தது, கடல்மட்டத்திலிருந்து அல்ல. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு நம் ஊரே சாட்சி: கோவை வட்டாரத்தில் ஜியாய்டு, அதாவது சராசரிக் கடல்மட்டத்தின் வடிவம், நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே கிடக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 410 மீட்டரில் உள்ள இடம் இந்தத் தரவில் 320 என்று வரும். ராஸ் பனித்தட்டுப் பக்கமும் 50 மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஆகவே முதலில் ஜியாய்டைக் கழியுங்கள். அதோடு நிற்கக்கூடாது, அண்டார்டிகாவைச் சுற்றிக் கடல்பரப்பு ஜியாய்டைவிட இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது, அதையும் சேருங்கள்.

அடுத்தது கடலேற்றம். ஏடிஎல்06 உயரத்தில் இது கழிக்கப்பட்டிருக்காது. பைத்தானில் பைடிஎம்டி என்ற நிரலும் அண்டார்டிகக் கடல்களுக்கான கேட்ஸ்2008 மாதிரியும் கொண்டு நீங்களே கணக்கிட வேண்டும். நேரத்தை உலகப் பொது நேரத்தில் மட்டும் கொடுங்கள். இந்திய நேரம் கலந்துவிட்டால் ஐந்தரை மணி தள்ளிப்போகும். பல இடங்களில் ஏற்றமும் வற்றும் ஏறத்தாழ ஆறேகால் மணிக்கு ஒன்று மாறுவதால், ஏற்றம் இருந்த நேரத்தில் வற்றைக் கழித்துக்கொண்டிருப்பீர்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. எண் மட்டும் தப்பாக இருக்கும். நிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பனிக்குக் கடலேற்றத் திருத்தம் செய்யவே கூடாது.

காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் 1 செ.மீ. எழும். புயல் நாளில் 30 குறைந்தால் 30 செ.மீ.

இந்தச் சில்லறைகளுக்கெல்லாம் ஏன் இத்தனை பாடு என்பது தடிமன் கணக்கில் தெரியும். கடல்நீர் அடர்த்தி கனமீட்டருக்கு 1,027 கிலோ, பனி 917 கிலோ என்றால் நீர்மட்டத்துக்கு மேல் தெரியும் உயரத்தை 9.3ஆல் பெருக்கினால் தடிமன். பிழையும் 9.3ஆல் பெருகும். அழுத்தத்தை மறந்த 30 செ.மீ. ஏறத்தாழ 3 மீட்டர் தடிமனாக வந்து நிற்கும்.

பெருக்குவதற்கு முன் ஒன்று. பனித்தட்டின் மேல் பகுதி இறுகாத பனி, இடையிடையே காற்று. அதை ஃபிர்ன் என்பார்கள். உயரம் 40 மீட்டர், அதில் காற்றின் மொத்த அளவு 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றைக் கழித்து 28ஐப் பெருக்கினால் 261 மீட்டர் கெட்டிப்பனி. கழிக்காமல் பெருக்கினால் 373. நூறு மீட்டருக்கு மேல் இல்லாத பனி! ஃபிர்ன் மாதிரிகளிலிருந்து வெளியிடப்பட்ட காற்றளவு வரைபடத்தைப் பயன்படுத்துங்கள். மேற்பரப்பு ஒரு மீட்டர் இறங்கினால் 9 மீட்டர் உருகியது என்றும் முடிவுகட்டாதீர்கள். வெயில் காலத்தில் ஃபிர்ன் அமுங்கினாலே உயரம் குறையும், நிறை அப்படியே இருக்கும்.

இந்தப் பெருக்கல் தாராளமாக மிதக்கும் இடத்துக்கு மட்டும் பொருந்தும். பனி நிலத்தை விட்டு மிதக்கத் தொடங்கும் இடம் தரைதட்டும் கோடு. அதிலிருந்து கடல்பக்கம் சில கிலோமீட்டர் வரை பனி வளைந்து பாதி நிலத்தில் தொங்கும். அந்தப் பட்டையை விட்டுவிடுங்கள். கோட்டை நீங்களே கண்டுபிடிக்க, ராடார் படங்களின் அலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் குறுக்கீட்டு முறை வேண்டும். முதல் வேலையிலேயே அதில் இறங்காமல் வெளியிடப்பட்ட கோட்டை எடுத்துக்கொள்வது நல்லது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் கோளின் நீண்ட அலை இந்த வேலைக்கு ஏற்றது. அமெரியில் இன்னொரு சிக்கல்: அதன் வடமேற்கில் கடல்நீர் உறைந்து அடியில் ஒட்டிய பனி தடித்துக் கிடக்கிறது. அங்கே ஒரே அடர்த்தியைப் போட்டால் தடிமன் பிசகும்.

மாற்றத்தைக் கணக்கிடும்போது பனி நகர்வதை மறக்க வேண்டாம். 91 நாள் கழித்து லேசர் அதே இடத்துக்கு வரும்போது அங்கே இருந்த பனி 320 மீட்டர் முன்னே போயிருக்கும். ஒரு வெடிப்பு தடத்தைக் கடந்து போனால் 'திடீரென 10 மீட்டர் இறங்கியது' என்று தெரியும். முந்தைய பகுதியில் கண்ட வேகத்தைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் முன்னே நகர்த்தி, அதே பனியை அதே பனியோடு ஒப்பிடுங்கள்.

பனியின் நிறையை ஈர்ப்பால் எடைபோடும் கிரேஸ் கோள்கள் இங்கே உதவாது. மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே தள்ளியிருப்பதால், உருகினாலும் ஈர்ப்பு ஏறத்தாழ மாறுவதில்லை.

உருகுநீர்க் குளங்கள்

மார்கழி, தை மாத லேண்ட்சாட் படத்தில் நீல அலையிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 0.25க்கு மேல் வரும் கட்டம் தண்ணீர். மேக நிழலும் வெறும் நீலப்பனியும் ஏமாற்றும். மலைச்சரிவின் நிழலை உயர வரைபடத்தால் வெட்டிவிடுங்கள். பரப்பு மட்டும் போதாது, குளத்தின் போக்கையும் தொடர வேண்டும். 2019 குளிர்காலத்தில் அமெரியின் தென்பகுதியில் பனிமூடிய ஏரி ஒன்று அடியில் பிளந்து, 60 முதல் 75 கோடி கனமீட்டர் நீரைக் கடலுக்குள் விட்டது. நம் கணக்கில் 21 முதல் 26 டிஎம்சி. பவானிசாகரின் முழுக் கொள்ளளவு 32.8 டிஎம்சி. மேலே ஏறத்தாழ 11 சதுர கி.மீ. குழி விழுந்ததை உயரப் படங்களும் ஐஸ்சாட்-2 தடமும் சேர்ந்து காட்டின. உங்கள் தடத்தில் இப்படி ஒரு குழி தென்பட்டால், பிழையென்று நீக்குவதற்கு முன் பக்கத்துக் கதிரிலும் அடுத்த 91 நாள் தரவிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.